சிமெண்ட் பூசாத மேட்டுப்பாத்தி

அம்பத்தூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் குடிவருகிற யாரையும் நம்ப மாட்டார். சாவியைக் கொடுத்த அன்றே அதற்கான காரணத்தையும் சொல்லிவிட்டார். எங்களுக்கு முன்னால் வீட்டின் பின்பக்கத்தில் இருந்தவர்கள் காலி செய்ய மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்களாம். வக்கீல், வாய்தா என்று வருடக்கணக்கில் அலைந்துதான் அவர்களை வெளியே அனுப்ப முடிந்ததாம்.

“என் தல நரச்சது வயசால இல்லம்மா. அவங்களால” என்றார்.

அவர் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் காக்கி கால்சட்டையைத்தான் போட்டுக்கொண்டிருந்தார். முன்பக்கத்தில் அவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அந்த அம்மாள் அதிகம் பேச மாட்டார். காலையில் கோலம் போடுவார், கிணற்றில் தண்ணீர் இறைப்பார், என்னைப் பார்த்தால் லேசாகத் தலையசைப்பார், உள்ளே போய்விடுவார். அவர்களுடைய ஒரே மகன் பெங்களூரில் இருந்தான். பின்பக்கத்தில் ஓர் அறையும் சமையலறையும் எங்களுக்கு. சமையலறைக் கதவைத் திறந்தால் காம்பவுண்டு சுவர் வரைக்கும் வெற்று இடம் கிடந்தது.

எண்பதுகளின் கடைசி அது. எங்களுக்குக் கல்யாணமான புதிது. என் கணவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டினார். நான் ஜன்னலோரம் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு தெருப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்தேன். நான் வளர்ந்தது ஆவடி குவார்ட்டர்ஸில். அங்கே எல்லா வீட்டுக்குப் பின்னாலும் நாலு கத்தரிச் செடியாவது இருக்கும். ஜன்னலுக்கு வெளியே இவ்வளவு இடம் சும்மா கிடப்பதைப் பார்த்துக்கொண்டே தைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆனால் அந்த மண் எதற்கும் ஆகாது. வீடு கட்டியபோது மிஞ்சிய கல், காரை, ரப்பீஸ் எல்லாவற்றையும் அங்கேதான் கொட்டி மிதித்திருந்தார்கள். கடப்பாரை போட்டால் கை அதிரும். ஒரு மழை பெய்தால் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் தேங்கி நாள்கணக்கில் நிற்கும். முதல் முறை தூவிய கீரை விதை அழுகி நாறியது.

“கீழ தோண்ட முடியலன்னா மேல ஏத்திக்க வேண்டியதுதானே. முழங்கா ஒசரத்துக்குச் செங்கல்ல அடுக்கி, நடுவுல நல்ல மண்ணா கொட்டிக்கலாம்” என்றார் என் கணவர்.

வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்கப் போனேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“செடின்னா இன்னா செடி?”

“வெண்டை, கத்தரி, தக்காளி. கொஞ்சம் கீரை.”

“முருங்க, தென்ன மாதிரி எதுனா வெக்கப் போறியா?”

“இல்லீங்க சார்.”

“மரம் வெச்சா வேர் புடிச்சிக்கும். அப்புறம் ஆளுங்களும் வேர் புடிச்சிக்குவாங்க. ரெண்டு மூணு மாசத்துல காய்ச்சி முடியற செடியா பாத்து வெச்சிக்கோ.”

கட்டட வேலை நடக்கிற இடங்களிலிருந்து அரைச் செங்கல்லாகப் பொறுக்கி, சாக்கில் கட்டி, சைக்கிள் கேரியரில் என் கணவர் கொண்டுவந்து சேர்த்தார். காம்பவுண்டு சுவரை ஒட்டாமல், கை நீட்டினால் நடுப்பாத்தி எட்டுகிற அகலத்தில், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்த பிறகு அடுக்க ஆரம்பித்தோம். இரண்டாவது வரிசை ஏறும்போதே வீட்டுக்காரர் வந்து நின்றார்.

“இன்னா தம்பி, செவுரு எழுப்பறியா?”

“செவுரு இல்ல சார், பாத்தி. மண்ணு சரியாம இருக்கத்தான் கல்லு.”

“சிமெண்டு எங்க?”

“சிமெண்டு போடல சார். சும்மா அடுக்கறதுதான்.”

“போடாத. சிமெண்டு போட்டா அது கட்டடம். கட்டடம்னா கோர்ட்ல வேற பேச்சு பேசுவாங்க” என்றார். குனிந்து இரண்டு கல்லுக்கு நடுவில் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அடியில் உடைந்த ஓட்டுச் சில்லும் தேங்காய் மட்டையும் போட்டோம், தண்ணீர் வடிய. அதன் மேல் ஏரி வண்டல். மாட்டு வண்டிக்காரர் ஒருவர் கொண்டுவந்து கொட்டினார். கறுப்பாக, உடைத்தால் பொலபொலவென்று உதிர்கிற மண். பால்காரர் வீட்டிலிருந்து மக்கிய சாணி எருவை வாங்கிக் கலந்தேன். நான் மண்வெட்டியால் பரப்பிக்கொண்டிருக்கும்போது தெருப்பக்கம் வீட்டுக்காரர் குரல் கேட்டது. வண்டிக்காரரை நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தார்.

“இவ்ளோ மண்ணு எதுக்காம்? எத்தினி வருசம் இருக்கப் போறாங்கன்னு எதுனா சொன்னாங்களா?”

“நமக்கு இன்னா தெரியும் நைனா? கொட்டச் சொன்னாங்க, கொட்னேன்” என்றார் வண்டிக்காரர்.

அன்றிலிருந்து தினமும் காலையில் பல் துலக்கிக்கொண்டே பின்பக்கம் வருவார். பாத்தியை ஒரு சுற்று சுற்றுவார். செருப்பின் நுனியால் ஏதாவது ஒரு கல்லைத் தள்ளிப் பார்ப்பார். கல் அசைந்தால் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். பிறகு போய்விடுவார். கிணற்றுத் தண்ணீர் செடிக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டதால், அரிசி களைந்த தண்ணீரையும் காய் கழுவிய தண்ணீரையும் பக்கெட்டில் சேர்த்து வைத்து ஊற்றினேன். பக்கெட்டில் இருப்பது கிணற்றுத் தண்ணீரா, கழுவிய தண்ணீரா என்று எட்டிப் பார்ப்பதும் அவர் வேலையில் சேர்ந்துகொண்டது.

செடிகள் நன்றாக வந்தன. வெண்டை முதலில் முளைத்தது. கத்தரி நாற்று ஒரு வாரம் தலை தொங்கிக் கிடந்து பிறகு நிமிர்ந்தது. நான் தைக்கும்போது ஜன்னல் வழியாகப் பச்சை தெரிந்தது. ஆனால் அதை நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு இலை விரியும்போதும் அந்த மனிதர் இதை எப்படி எடுத்துக்கொள்வார் என்றுதான் யோசனை ஓடியது.

ஒருநாள் மத்தியானம் வீட்டுக்காரர் ஒரு போட்டோக்காரரை அழைத்துக்கொண்டு பின்பக்கம் வந்தார். கிணறு, காம்பவுண்டு சுவர், எங்கள் பக்கத்துக் கதவு எல்லாவற்றையும் படம் எடுக்கச் சொன்னார். நான் வாசற்படியில் நின்றிருந்தேன்.

“நீ கொஞ்சம் உள்ள போம்மா, படத்துல விழப் போற” என்றார்.

நான் உள்ளே போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். போட்டோக்காரரின் தோளைப் பிடித்து இப்படி நில், அப்படி நில் என்று திருப்பிக்கொண்டிருந்தார். சாயங்காலம் கணவர் வந்ததும் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“கேஸ் போடப் போறாரு. நாம இடத்த ஆக்ரமிச்சோம்னு காட்டறதுக்குத்தான் போட்டோ.”

“ஆனா பாத்திய எடுக்கலியே. பாத்தி தெரியாத மாதிரிதான் அந்த ஆள நிக்க வெச்சாரு.”

“நீ சரியா பாத்தியா?”

“பாத்தேன். ரெண்டு வாட்டி தள்ளி நிக்க வெச்சாரு.”

என் கணவருக்கு அது இன்னும் பெரிய சந்தேகமாகப் போய்விட்டது. எனக்கும் அப்படித்தான். ஆக்கிரமிப்பைக் காட்ட வேண்டுமென்றால் பாத்தியைத்தானே எடுக்க வேண்டும்? அதை ஏன் மறைக்க வேண்டும்? இருவரும் இதையே பேசிப் பேசி ஆறிப்போன சாப்பாட்டைச் சாப்பிட்டோம்.

அந்த வாரமே இன்னொன்று நடந்தது. பாத்தியின் கடைசி மூலையில் நான் போடாத ஒரு முளை வந்திருந்தது. தடித்த இரண்டு வித்திலை, நடுவில் ரோமம் படர்ந்த குருத்து. ஏதோ கொடி வகை. எருவோடு வந்த விதையாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், அதன் பக்கத்தில் ஒரு காய்ந்த சவுக்குக் குச்சி நட்டிருந்தது. அந்த மூலை மண் மட்டும் காலையிலேயே நனைந்திருந்தது. நான் பக்கெட்டைத் தொடவே இல்லை.

கணவரிடம் காட்டினேன். அவர் குனிந்து குச்சியை அசைத்துப் பார்த்தார். ஆழமாக ஊன்றியிருந்தது.

“புரிஞ்சிடுச்சி. இது அவரு வெச்சது. நாளைக்குக் கோர்ட்ல, அந்தப் பாத்தி என்னுது, நான்தான் பயிர் வெச்சிக்கினு கீறேன், அவங்க சும்மா பறிச்சித் துன்றாங்கன்னு சொல்லுவாரு.”

“புடுங்கிடட்டுமா?”

“ஐயோ, தொடாத. புடுங்கினா அதுக்கொரு கேஸு.”

பிடுங்கவில்லை. ஆனால் யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியவில்லை. காலையில் வீட்டுக்காரர் சுற்றி வரும்போது கவனித்தேன். அவர் அந்தக் கொடியைப் பார்த்தார், ஆனால் பழைய செடிகளைப் பார்க்கிற அதே பார்வைதான். கையில் சொம்பு இல்லை. கணவர் வேலைக்குப் போன பிறகு மெஷினை ஓட்டாமல் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் பால் பூத்துக்கோ ரேஷன் கடைக்கோ பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிற சத்தம் கேட்டது. கேட் மூடிய கொஞ்ச நேரத்தில் முன்பக்கத்திலிருந்து அவருடைய மனைவி வந்தார்.

புடவைத் தலைப்புக்குள் ஒரு சொம்பை மறைத்து வைத்திருந்தார். தெருப்பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். நேராக மூலைக்குப் போய்த் தண்ணீரை ஊற்றி, கொடியின் நுனியை எடுத்துக் குச்சியில் சுற்றிவிட்டார். இரண்டு இலையைத் திருப்பி அடியில் பூச்சி இருக்கிறதா என்றும் பார்த்தார். நன்றாகச் செடி வளர்த்த கை என்று பார்த்தவுடனே தெரிந்தது.

நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். அவர் பதறிச் சொம்பைக் கீழே போட்டுவிட்டார்.

“அம்மா, இது நீங்க வெச்சதா?”

“பீர்க்கங்கா கண்ணு. எங்க ஊட்ல இருந்த பழைய வெதை” என்றார். பிறகு, “அவர் கிட்ட சொல்லிடாத” என்றார்.

“சாருக்குத் தெரியாமலா வெச்சீங்க? உங்க வீட்டுல நீங்க ஒரு செடி வைக்கிறதுக்கு எதுக்கும்மா பயம்?”

அவர் பாத்தியின் ஓரத்துக் கல்லில் உட்கார்ந்தார். அவ்வளவு நாளில் அவர் என் பக்கம் வந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

“உங்கிட்ட பேசக் கூடாதுன்னு சொல்லிக்கீறாரு. பொம்பளைங்க ரெண்டு பேரும் ஒண்ணா சேந்துட்டா, அப்புறம் உங்கள காலி பண்ணச் சொல்ல முடியாதாம்.”

“அப்ப எங்கள காலி பண்ணச் சொல்லப் போறாரா?”

“பொங்கலுக்கு அப்புறம். ஊட்ட விக்கப் போறாரு. போட்டோ புடிச்சாரே, அது அதுக்குத்தான். பையன் பெங்களூர்ல வியாபாரம் ஆரம்பிக்கறானாம். வித்துட்டு எங்கள அங்க கூட்டிக்கினு போறானாம்.”

போட்டோக்காரர் பாத்தியை ஏன் எடுக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வாங்க வருகிறவர்களுக்குக் குடியிருப்பவர்கள் அடுக்கிய செங்கல் கண்ணில் படக் கூடாது. பாவாடை நாடாவில் கோத்திருந்த சாவிக் கொத்தை அந்த அம்மாள் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“இந்த மனை என் நகைய வித்து வாங்கினது. பத்திரம் அவர் பேர்ல. நான் வாணாம்னா யாரு கேப்பாங்க? மருமக ஊட்ல போயி ஒரு மூலையில உக்கார எனக்கு முடியாது. நீங்க இருங்க. போவாதீங்க. ஆளு இருக்கற ஊட்ட யாரும் வாங்க மாட்டாங்க.”

கேட் சத்தம் கேட்டது. அவர் சொம்பைப் பொறுக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய், தண்ணீர் இறைப்பதுபோல் நின்றுகொண்டார்.

கணவர் இதைக் கேட்டுவிட்டு நம்பவே இல்லை.

“ரெண்டு பேரும் சேந்து ஆடற ஆட்டம். கேஸுக்கு ஆகும்னு நம்ம வாயாலயே காலி பண்ண மாட்டோம்னு சொல்ல வெக்கப் பாக்கறாங்க. நீ எதுனா சொன்னியா?”

“ஒண்ணும் சொல்லல.”

“நல்லது. சொல்லாத.”

கணவர் சொல்வது சரியாக இருக்கலாம் என்றும் எனக்குத் தோன்றியது. அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தபோது நம்பினேன். அவர் போன பிறகு நம்பிக்கை குறைந்தது. கண் கலங்கியதா, இல்லை வெயிலுக்குச் சுருங்கியதா என்று நினைவில் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அடுத்த நாளும் அவர் வந்தார். நான் பேச்சைக் கொடுக்காமல் வெண்டைக்காய் பறித்தேன். அவரும் கேட்கவில்லை. கொடியைச் சுற்றிவிட்டுப் போனார்.

மழைக்காலம் வந்தது. பின்பக்கம் முழுவதும் தண்ணீர் நின்றது. பாத்தி மட்டும் மேலே தெரிந்தது. எங்கிருந்தோ வந்த நத்தைகள் எல்லாம் அதில் ஏறிக்கொண்டன. தண்ணீரில் நடந்து போய் அவற்றைப் பொறுக்கிப் போட்டேன். பீர்க்கு எதற்கும் அசையவில்லை. குச்சியைத் தாண்டிக் காம்பவுண்டு சுவரில் ஏறி, சாயங்காலமானால் மஞ்சள் பூவாக நின்றது.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டை வாங்க ஆள் வந்தார்கள். ஒரு கணவன், மனைவி, ஒரு தரகர். வீட்டுக்காரர் சலவை வேட்டி கட்டியிருந்தார். முன்பக்கத்தைக் காட்டிவிட்டுப் பின்பக்கம் கூட்டி வந்தார். என் கணவர் வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பாத்தியருகில் நின்றிருந்தேன். வந்த பெண் பாத்தியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“இதாரு போட்டது?”

“குடித்தனக்காரங்க. டெம்ப்ரவரி. கல்லெல்லாம் சும்மா அடுக்கினது, ஒரு மணி நேரத்துல எடுத்துடலாம்” என்றார் வீட்டுக்காரர். காலால் ஒரு கல்லைத் தள்ளியும் காட்டினார். மழையில் வண்டல் இறுகிக் கல்லோடு கல்லாகப் பிடித்துக்கொண்டிருந்தது. கல் அசையவில்லை. இன்னொன்றைத் தள்ளினார். அதுவும் அசையவில்லை. திரும்பி என்னைப் பார்த்த பார்வையில், நான் இரகசியமாகச் சிமெண்ட் பூசிவிட்டேன் என்றே அவர் முடிவு செய்துவிட்டது தெரிந்தது.

அந்த நேரத்தில் அவர் மனைவி முன்பக்கத்திலிருந்து வந்தார். வந்தவர்களுக்கு மோர் கொண்டுவந்தார். தம்ளரைக் கொடுத்துக்கொண்டே சாதாரணமான குரலில், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்.

“இவங்க போவ மாட்டாங்கம்மா. கேட்டுப் பாத்துட்டோம். ஏற்கனவே இருந்தவங்களும் இப்டித்தான் கோர்ட்டு வரைக்கும் போனாங்க.”

தரகர் வீட்டுக்காரரைப் பார்த்தார். வந்த மனிதர் மோரை முழுதாகக் குடிக்காமல் தம்ளரைக் கிணற்றுச் சுவரில் வைத்துவிட்டார். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். போய்விட்டார்கள்.

கேட் மூடியதும் வீட்டுக்காரர் என் கணவரிடம் பாய்ந்தார்.

“எம்பொண்டாட்டி வாயிலேயே சொல்ல வெச்சிட்டியாடா! எத்தினி நாளா பிளான் போட்ட?”

“சார், நாங்க ஒண்ணும் சொல்லல சார். சத்தியமா காலி பண்ண மாட்டோம்னு சொல்லவே இல்ல.”

“பொய் சொல்லாத. இவ என்னிக்கி இந்த மாதிரி பேசினா? நீங்க சொல்லிக் குடுத்தது.”

“யாரும் சொல்லிக் குடுக்கல” என்றார் அந்த அம்மாள். மோர்த் தம்ளர்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். “நான்தான் சொன்னேன். இந்த ஊட்ட விக்க நான் ஒத்துக்கல. நீங்க என்னக் கேக்கவே இல்ல.”

“இன்னாடி பேசற நீ?”

“அந்த மூலையில கீதே பீர்க்கங்கொடி, அது நான் வெச்சது. தெனமும் பாத்துக்கினுதான போறீங்க. யாரு வெச்சான்னு தெரிஞ்சிதா?”

வீட்டுக்காரர் கொடியைப் பார்த்தார். சுவர் முழுவதும் படர்ந்து, காய் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். அவர்கள் சண்டையை நின்று பார்க்கக் கூடாது என்று நாங்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம்.

பொங்கல் வந்தது, போனது. காலி செய்யச் சொல்லவில்லை. மகன் ஒரு முறை வந்து உரக்கப் பேசிவிட்டுத் திரும்பிப் போனான். அந்த அம்மாள் மறைக்காமல் சொம்போடு பின்பக்கம் வர ஆரம்பித்தார். பாத்தியில் பாதி அவருடையது போலாகிவிட்டது. அவரை என் கணவர் கடைசிவரைக்கும் முழுதாக நம்பவில்லை. நம்மை வைத்துக் காரியம் சாதித்துக்கொண்டார் என்பார். அது உண்மைதான். ஆனாலும் எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. வீட்டுக்காரர் எங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டார். எங்கள் மேல் இருந்த சந்தேகம் போய்விட்டதா, இல்லை மனைவி மேல் வந்த புதிய சந்தேகத்தில் எங்களை மறந்துவிட்டாரா என்று எனக்குத் தெரியாது.

தொண்ணூறுகளின் நடுவில் நசரத்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன மனையை வாங்கி, ஓடு போட்ட வீடு கட்டிக்கொண்டு நாங்களாகவே கிளம்பினோம். புதுவீட்டைப் பார்க்க அந்த அம்மாள் பஸ் பிடித்துத் தனியாக வந்தார். ஒவ்வொரு அறையாகப் பார்த்தார், சமையலறை ஜன்னலைத் திறந்து மூடினார், பின்பக்கம் போய் மண்ணை எடுத்துக் கையில் தேய்த்துப் பார்த்து, நல்ல மண் என்றார். காபி கொடுத்தேன்.

“பத்திரம் ஒம்பேர்லயா, அவரு பேர்லயா?”

“அவர் பேர்லம்மா.”

அவர் காபியை ஆற்றிக் குடித்தார். போகும்போது என் கையை ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் கணவர் வந்து முகம் கழுவிக்கொண்டிருக்கும்போது, “வீட்டுப் பத்திரம் எங்க இருக்குது?” என்று கேட்டேன்.

“பீரோல கீது. எதுக்கு?”

“சும்மாதான் கேட்டேன்.”

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட, கல் அசையாத அன்று வீட்டுக்காரர் பார்த்தது போலவே என்னைப் பார்த்தார்.